ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணீர் ஊற்றியது யார்?

மரநடுகை விழாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தாய்மார் நம்மிடையே இருக்க முடியாது. காலையில் வெள்ளைச் சீருடையோடு போகும் பிள்ளை, மாலையில் முழங்காலில் செம்மண்ணோடு திரும்பி வரும். "அம்மா, நான் இண்டைக்கு ஒரு மரம் வைச்சனான்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு பெருமை தெரியும். நாமும் மகிழ்ந்து, சீருடையைத் தோய்க்கப் போட்டுவிட்டு, அத்தோடு அந்த மரத்தை மறந்து விடுவோம். அந்தக் கன்று அதன் பிறகு என்னவாயிற்று என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நானும் நெடுங்காலம் கேட்டதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்தோடு ஒட்டிய ஓர் ஊரில் பல வருடங்கள் ஆசிரியையாக இருந்தேன். மீள்குடியேறி வந்த நாட்களில் அந்தப் பாடசாலை வளவில் நிழலென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. போர்க் காலத்தில் பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றுள் பல வட்டு இல்லாத மொட்டை மரங்களாக நின்றன. ஆகவே 2015 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி, உலக சுற்றாடல் தினத்தன்று, ஒரு நிறுவனத்தார் லொறியில் கன்றுகளைக் கொண்டு வந்து இறக்கியபோது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். மேடை போட்டார்கள். விருந்தினர்கள் பேசினார்கள். 100 கன்றுகள், 100 பிள்ளைகள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடி நட்டு, அதில் நட்ட பிள்ளையின் பெயரை எழுதித் தொங்க விட்டோம். படங்களும் எடுத்தார்கள்.

ஜூலை மாதம் முழுவதும் பிள்ளைகள் இடைவேளையில் போத்தலோடு ஓடினார்கள். ஓகஸ்ட் விடுமுறை வந்தது. மூன்றாம் தவணை தொடங்கிய அன்று தரம் 7 இல் படித்த ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து, "ரீச்சர், என்ர பேர் மட்டும் நிக்குது, கண்டைக் காணேல்லை" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வரிசையாகத் தடிகளும் பெயர்களும் இருந்தன. கன்றுகள் சில காய்ந்த குச்சிகளாக நின்றன, சிலவற்றை ஆடு கடித்திருந்தது. உயிரோடு இருந்தவை 11. அந்தப் பதினொன்றும் தண்ணீர்க் குழாயடிக்கு அருகில் நின்றவை.

ஜூன் ஐந்தும் நமது மழையும்

பிள்ளைகள் அக்கறையில்லாமல் விட்டார்கள் என்று அதிபரும் நானும் முதலில் கோபப்பட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது பிழை பெரியவர்களுடையது என்று விளங்கியது. ஐக்கிய நாடுகள் சபை 1972 இல் ஸ்ரொக்ஹோம் நகரில் சுற்றாடல் பற்றிய மாநாட்டைத் தொடங்கிய நாள் ஜூன் 5. அதன் நினைவாகவே அந்த நாள் சுற்றாடல் தினமாயிற்று. நமது மழைக்கும் அந்தத் திகதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரத்தினபுரியிலோ காலியிலோ நுவரெலியாவின் மேற்குச் சரிவிலோ ஜூன் மாதத்தில் கன்று வைத்தால் அது பிழைக்கக் கூடும். தென்மேல் பருவக்காற்று கொண்டு வரும் மழை அங்கேதான் கொட்டுகிறது. மலையைத் தாண்டி வரும்போது அது வெறும் காற்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அதைச் சோளகம் என்கிறோம். மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். கொடியில் போட்ட துணியை ஒரு மணித்தியாலத்தில் காய வைக்கும் அந்தக் காற்று, நேற்று நட்ட கன்றின் நான்கு இலையை என்ன பாடு படுத்தும்! வடக்கு கிழக்கில் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும். காலபோகத்துக்கு விதைக்கிற எந்தக் கமக்காரனும் ஆனி மாதத்தில் நெல் எறிவதில்லை. அந்தக் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆனியில் கன்று கொடுத்தோம்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. வட மாகாண சபை இயங்கிய காலத்தில் நவம்பர் மாதத்தை மரநடுகை மாதமாக அறிவித்ததற்கும் இந்த மழைதான் காரணம். ஆனாலும் பாடசாலைகளுக்கு வரும் சுற்றுநிருபங்களும் விருந்தினர்களும் ஜூன் 5 ஐயே நோக்கி வருவார்கள். கன்று கொடுப்பவர்களுக்கும் கணக்கு முடிப்பதற்கு ஒரு நாள் தேவை. நட்ட எண்ணிக்கையை அறிக்கையில் எழுதலாம். பிழைத்த எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை.

ஏழில் இரண்டு

எங்களைவிடப் பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று பின்னர் வாசித்து அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. கென்யா நாட்டின் வங்காரி மாத்தாய் அம்மையாரைப் பற்றி நம் சகோதரிகள் பலர் அறிந்திருப்பீர்கள். 2004 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண்மணி அவர். 2011 இல் காலமானார். அவரது பசுமைப் பட்டி இயக்கத்தின் முதல் நடுகையும் ஒரு சுற்றாடல் தினத்தில்தான் நடந்தது. 1977 ஜூன் 5 ஆம் திகதி நைரோபி நகரில் ஊர்வலமாகச் சென்று கமுகுன்ஜி என்ற பூங்காவில் 7 மரங்களை நட்டார்கள். அந்த ஏழில் பிழைத்தவை இரண்டே இரண்டு.

அத்துடன் அவர் விட்டிருந்தால் அவர் பெயரை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம். அவர் கிராமத்துப் பெண்களிடம் போனார். விறகுக்கு வெகுதூரம் நடப்பவர்களும், ஓடை வற்றினால் முதலில் கஷ்டப்படுபவர்களும் அவர்கள்தானே. படிக்காத பெண்களுக்குக் கன்று வளர்க்கத் தெரியாது என்று வன அதிகாரிகள் சிரித்தார்களாம். அந்தப் பெண்களோ தம் வயல்களிலும் காடுகளிலும் விதை பொறுக்கி, உடைந்த சட்டிகளிலும் பழைய தகரங்களிலும் முளைக்க வைத்தார்கள். இயக்கம் அவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தது. அது நட்ட கன்றுக்கல்ல, பிழைத்த கன்றுக்கு. முழு வித்தியாசமும் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இன்று அந்த இயக்கம் நட்ட மரங்கள் 5 கோடிக்கு மேல் என்கிறார்கள்.

அவரைப் பார்த்து ஊக்கம் பெற்றவன் ஜேர்மனியில் ஃபீலிக்ஸ் ஃபின்க்பைனர் என்ற 9 வயதுப் பையன். 2007 இல் வகுப்பில் காலநிலை பற்றிப் பேச ஆயத்தம் செய்யும்போது வங்காரி அம்மையாரைப் பற்றி அறிந்து, ஒவ்வொரு நாட்டிலும் பிள்ளைகள் 10 இலட்சம் மரம் நட வேண்டும் என்றான். பள்ளிக்கூடத்தில் வைத்த ஒரு கன்று பல நாடுகளுக்குப் பரவிய சிறுவர் இயக்கமாயிற்று. பிற்காலத்தில் அந்த அமைப்பு வெளியிட்ட மரக் கணக்குகளைப் பற்றி ஜேர்மன் பத்திரிகைகளில் கேள்விகள் எழுந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொரு மரத்தையும் போய்ப் பார்ப்பதற்கு ஆள் குறைந்து விடுகிறது.

நமது நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி கண்டல் காடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நாடெங்கும் களப்பு ஓரங்களில் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு அப்படி நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தவை 3 இடங்கள் மாத்திரம்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில் காடாகி நின்றது 200, 220 ஹெக்டயர் அளவுதான். நீர்மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காததும் காரணங்கள் என்று அந்த ஆய்வு கூறுகிறது. எங்கள் பாடசாலையின் பதினொன்று எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

ஆனியில் விதை, கார்த்திகையில் கன்று

அடுத்த வருடம் நாங்கள் வேறு விதமாகத் தொடங்கினோம். கட்டாயம் இல்லை, விருப்பமானவர்கள் வரலாம் என்று சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளிடம் சொன்னேன். 23 பேர் வந்தார்கள். பெயர்ப் பலகையில் பெயர் மட்டும் எஞ்சியவளும் வந்தாள்.

2016 ஜூன் 5 ஆம் திகதி ஒரு கன்றும் நடவில்லை. அன்று தொடங்கியது நாற்றுமேடை. யோசித்துப் பாருங்கள், ஆனியிலும் ஆடியிலும்தான் நமது பக்கத்தில் வேப்பம்பழம் உதிர்கிறது. வேப்பம் விதையை அடுத்த மழை வரை பேணி வைக்க முடியாது. சில வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடும். ஆகவே பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதையைக் கசக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டு கிழமைக்குள் ஊன்றிவிட வேண்டும். ஊன்றினால் மூன்று கிழமைக்குள் முளை காட்டும். ஐப்பசி முடியும்போது ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரக் கன்று கையில் இருக்கும். சுற்றாடல் தினம் நமக்கு விதை போடும் நாளாக எவ்வளவு பொருத்தம்! அதை நாம்தான் நடுகை நாளாக்கிக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

காசு செலவில்லை. வீடுகளில் இருந்து வெறும் பால்மாப் பக்கற்றுகளைக் கொண்டு வரச் சொன்னோம். அடியில் நான்கு துளை. பாதி மேல்மண், பாதியில் ஆற்றுமணலும் மக்கிய மாட்டெருவும். வேம்போடு புளியும் நாவலும் மருதும் போட்டோம். புளியங்கொட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்தால் சுறுக்காக முளைக்கும் என்று ஒரு பிள்ளையின் அம்மம்மா சொல்லி அனுப்பினார். ஓகஸ்ட் விடுமுறையில் 200 பக்கற்றுகளும் பாடசாலையில் கிடக்கவில்லை. ஆளுக்கு எட்டு, ஒன்பதாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், கோழி கிளறாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வேலை பிரித்தபோது ஆண்பிள்ளைகள் குழி வெட்டுவதாகவும் பெண்பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவதாகவும் தாங்களாகவே எழுதிக்கொண்டு வந்தார்கள். குழி வெட்டுவது ஒரு நாள் வேலை. தண்ணீர் ஊற்றுவது இரண்டு வருட வேலை. அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு, எல்லாரும் இரண்டையும் செய்ய வேண்டும் என்று புதிதாக எழுத வைத்தேன். ஒரு தகப்பனார் வந்து, "பெடியன் வாளியோட றோட்டால போறான்" என்று முறைப்பட்டார். போகட்டும் என்றேன்.

எங்கே நடுவது என்பதையும் பிள்ளைகளே தேடினார்கள். வீடு வீடாகப் போய், "உங்களுக்கு எந்த இடத்தில நிழல் வேணும்?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் என்றால் பாடசாலை வாசலையும் கோயில் வீதியையும் சொல்லியிருப்போம். பிள்ளைகள் கொண்டு வந்த பட்டியலில் முதலாவதாக இருந்தது தாய் சேய் கிளினிக். மாதத்தில் குறித்த நாளில் குடும்ப நல உத்தியோகத்தர் வருவார். அந்தச் சிறு கட்டடத்துக்குள் இருக்க இடமில்லை. கர்ப்பிணித் தாய்மாரும் கைப்பிள்ளைக்காரரும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார்கள். இரண்டாவது பஸ் தரிப்பிடம். மூன்றாவது முன்பள்ளி. குளத்தடியும் பட்டியலில் இருந்தது. ஆனால் குளக்கட்டில் மரம் வைக்கக் கூடாது, வேர் கட்டைத் துளைத்துவிடும் என்று கமக்காரர் அமைப்பினர் தடுத்தார்கள். அது சரியான பேச்சு. பழைய குளங்களில் மரம் நிற்பது நீர் வந்து சேரும் மேற்பக்கத்தில்தான். சிங்களத்தில் கஸ்கொம்மன என்பார்கள். காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதை அது குறைக்கும். எங்கள் பிள்ளைகளும் அலைகரைக்கு மேலே இடம் குறித்தார்கள்.

மழை ஏமாற்றிய வருடம்

எல்லாம் ஆயத்தம். ஐப்பசி பிறந்தது, மழை இல்லை. கார்த்திகை பிறந்தது, வானம் கறுக்கும், காற்றடிக்கும், போய்விடும். 2016 இறுதியில் வடகீழ் பருவமழை பொய்த்து நாடு முழுவதும் பல வருடங்களாகக் காணாத வரட்சி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் தினமும் காலையில், "இண்டைக்கு நடுவமோ ரீச்சர்?" என்று கேட்பார்கள். நவம்பர் கடைசியில் இரண்டு நாள் மழை கிடைத்தது. பாதியை நடுவோம், மீதியை அடுத்த வருடம் வரை நிழலில் வைத்திருப்போம் என்று முடிவெடுத்தோம். அன்று நட்டவை 90.

ஒன்றரை அடி ஆழக் குழி. மண்ணை எடுக்கும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை ஒரு பக்கமும் போட்டு, மூடும்போது மேல்மண் வேருக்குப் போக வேண்டும். பக்கற்றைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். முந்திய வருடம் பல கன்றுகளைப் பொலித்தீனோடு புதைத்திருந்ததைக் கிளறிப் பார்த்தபோதுதான் கண்டோம்! பக்கத்தில் அடியில் துளையிட்ட பழைய முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்தோம். அதில் நிரப்பிய தண்ணீர் ஊறி ஊறி வேருக்குப் போகும், வெயிலில் வீணாகாது. மேலே வைக்கோலும் சருகும். சுற்றிவரக் கிளுவை முள்ளும் பனை மட்டையும்.

2017 மாசி, பங்குனியில் கிணறுகள் வற்றின. பிரதேச சபைப் பவுசர் தண்ணீர் கொண்டு வந்து வாசலில் ஊற்றத் தொடங்கியது. அப்போதுதான் சண்டை வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பினார். தனியாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். "ரீச்சர், உங்களுக்குத் தெரியாததில்லை. குடிக்கத் தண்ணி இல்லாத நேரத்தில என்ர பிள்ளை வாளியோட மரத்துக்கு ஓடுது. ஒரு கண்டுக்கு நாலு லீற்றர், கிழமைக்கு ரெண்டு தரம், தொண்ணூறு கண்டு. எழுநூற்றி இருவது லீற்றர். நான் கணக்குப் பாத்தனான். எங்கட வீட்டுக்கு அது பத்து நாள் தண்ணி" என்றார். அறையில் சத்தமே இல்லை. அவர் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. மரம் நல்லது, மழை தரும், காற்றுத் தரும் என்று ஜூன் 5 இல் பேசுகிற எந்தப் பேச்சும் அந்தக் கணக்குக்குப் பதில் ஆகாது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினோம். பிள்ளைகள் இரண்டு கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

வழி, சமையலறைப் பக்கத்தால் வந்தது. பாடசாலை உணவுக்கு அரிசியும் மரக்கறியும் கழுவும் தண்ணீர், பிள்ளைகள் சாப்பிடமுன் கை அலம்பும் தண்ணீர், தட்டுக் கழுவும் தண்ணீர், எல்லாம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தன. சவர்க்காரம் படாததை மட்டும் தனியே ஒரு பீப்பாவில் பிடிக்கச் செய்தோம். பாடசாலை வளவிலும் முன்பள்ளியிலும் நின்ற கன்றுகளுக்கு அது போதுமாயிற்று. கிளினிக் பக்கத்துக் கன்றுகளுக்குப் பக்கத்து வீடுகளைக் கேட்டோம். "நல்ல தண்ணி வேண்டாம், அரிசி கழுவின தண்ணியை ஊத்தினால் போதும்" என்று பிள்ளைகள் போய்ச் சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஊற்றியதை ஒரு தரமாகக் குறைத்துச் சருகை இன்னும் தடிப்பாகப் போட்டோம். ஒவ்வொரு நாளும் மேலால் தெளிப்பதைவிடக் கிழமைக்கு ஒரு தரம் ஆழமாக ஊற்றினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். மரத்துக்கும் அதுவே நல்லது என்று பிறகுதான் அறிந்தோம்.

கூட்டத்தில் எழும்பிப் பேசிய அந்தத் தாயின் வீடு கிளினிக்குக்கு எதிரே. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு கன்றுகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஆடு ஒன்று கிட்டப் போனால் அவர் போடும் சத்தம் குளத்தடி வரை கேட்கும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத முடியாது. பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் வீடு இல்லை. அங்கு நட்டவை அத்தனையும் பட்டுப்போயின. முன்பள்ளிப் பக்கம் மூன்று வேம்புகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் மேலே மின்கம்பி போவதைப் பார்க்காமல் நட்டது என்னுடைய பிழை. இப்போது வருடா வருடம் அவற்றின் கொப்புகளை வெட்டுகிறார்கள். 2018 தைப்பொங்கல் முடிந்து எண்ணியபோது 90 இல் 57 உயிரோடு நின்றன. நிழலில் வைத்திருந்த மீதிக் கன்றுகளை 2017 ஐப்பசி மழையோடு நட்டோம்; அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. அந்தத் தடவை பஸ் தரிப்பிடத்தை விட்டுவிட்டோம்.

ஓகஸ்ட் விடுமுறைகளில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டால், பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும்தான். அறிக்கைகளில் பாடசாலையின் பெயர் வரும். தாய்மாரின் பெயர் வராது. ஆகவே உங்கள் பிள்ளையின் பாடசாலையில் மரநடுகை என்று கடிதம் வந்தால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எந்த மாதம் நடுகிறீர்கள்? விடுமுறையில் யார் பார்ப்பது? எந்தத் தண்ணீர்?

பனங்கொட்டைகள்

தண்ணீரே கேட்காத ஒரு மரமும் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்த 23 பேரும் என்னை விடமாட்டார்கள்.

2016 ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில், நாற்றுமேடை வேலைக்கு நடுவே, பையன்கள் சிலர் பனங்கொட்டை சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. பனாட்டுப் போடும் வீடுகளில் பினைந்து கழித்த கொட்டைகள் குவிந்து கிடக்கும். சாக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். குளத்தின் மேற்பக்கத்தில் மூன்று பாகத்துக்கு ஒன்றாகப் புதைத்தார்கள். கிழங்குக்குப் பாத்தி போடுவதும் இதே கொட்டையைத்தான். தையில் கிண்டினால் கிழங்கு, கிண்டாமல் விட்டால் வடலி. கொட்டையில் இருந்து முளை முதலில் கீழ் நோக்கித்தான் இறங்கும். மேலே ஒற்றை ஓலை தெரியமுன் அடியில் அது தன் இடத்தைப் பிடித்துவிடும். அந்த வருட வரட்சி வேம்பைக் கொன்ற இடத்திலும் பனை முளைத்தது. அதற்கு எதிரிகள் மாடும் நெருப்பும், கிழங்கு திருட வரும் நமது ஆட்களும்தான்.

இன்று கிளினிக் வேம்புகள் இரண்டும் கூரைக்கு மேலே போய்விட்டன. அடியில் சீமெந்து வாங்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்ப்பேன். அந்தத் தாய் எதிர் வீட்டுப் படலையில் நின்றபடி, "ரீச்சர், உங்கட மரம் சருகு கொட்டி எனக்குக் கூட்டி முடியேல்லை" என்பார்.

குளத்தடி வடலிகள் ஆளுயரத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஆணா பெண்ணா என்பது பனை பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கு 15 வருடமும் ஆகலாம், 20 வருடமும் ஆகலாம். பெயர் மட்டும் எஞ்சியது என்று என்னிடம் வந்து சொன்ன பெண்பிள்ளை இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். சென்ற வருடம் பொங்கலுக்கு வந்தபோது குளத்தடிக்குப் போய்த் தான் புதைத்த ஐந்தையும் எண்ணிவிட்டு வந்தாள். நான்கு நிற்கிறதாம். மூன்று பெண்பனை என்று பந்தயம் கட்டுகிறாள்.